மஞ்சள் நூல் கட்டிய ஓடைச்செடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ரயில்வே வேலையாட்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்து, பால் வாளியும் கையுமாக ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடித் திரிந்தவள் நான். என்னைப் போய் மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தினால் என்ன ஆகும்? கூட இருப்பவரின் உயிர்தான் போகும். என் வீட்டுக்காரரின் உயிரை நான் அப்படித்தான் வாங்கினேன்.

சும்மா ஒன்றும் கிடத்தவில்லை. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் என் வயிற்றில் தங்காமல் போய்விட்டன. மூன்றாவதாக நாள் தள்ளியபோது ஆஸ்பத்திரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, குனியக் கூடாது, ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. பிறகு என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து இன்னும் ஏதோ சொன்னார். அது என்னவென்று அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ரிக்‌ஷாக்காரனிடம் "மெதுவா, மெதுவா" என்று அவர் கெஞ்சிக்கொண்டே வந்ததில் எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது.

அவருக்கு ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் வேலை. பெட்டி, கூடை, மூட்டை எது வந்தாலும் கயிறு போட்டுக் கட்டி, முடிச்சின் மேல் ஈயக்குண்டு வைத்து நசுக்கி முத்திரை போடுவார். அந்த முடிச்சு அவருக்கே உரியது. இரண்டு சுற்றுச் சுற்றி, சின்னதாக ஒரு காது விட்டு, அந்தக் காதுக்குள் நுனியைத் திருப்பி இழுப்பார். தெரியாதவர்கள் அவிழ்க்கப் போனால் நகம்தான் பெயரும். வீட்டிலும் அதே கைதான். துணி காயப் போடும் கொடி, கொசுவலையின் மூலை, உப்பு ஜாடியின் மேல்துணி, எதைத் தொட்டாலும் அந்தப் பார்சல் முடிச்சு. "உப்பு என்ன தைப்பிங்குக்கா போவுது, இப்படிக் கட்டி வச்சிருக்கீங்க?" என்று கத்துவேன். அவர் சிரிப்பார். பேச்சு குறைவான மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

கட்டிலில் கிடந்த எனக்குப் பார்க்கக் கிடைத்தது ஒரு சுவர் மட்டும்தான். ஜன்னல் தலைக்குப் பின்னால் இருந்தது. அந்தச் சுவரில் எந்தப் பல்லிக்கு வால் இல்லை, எது எதோடு சண்டை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பக்கத்து வீட்டு அக்கா காலையிலும் மாலையிலும் வந்து சோறு பொங்கி, துணி துவைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் வீட்டுக்காரர் சிக்னல் பார்க்கும் வேலையில் இருந்தார். அக்கா தங்கமான மனுஷி. ஆனால் எங்கே யாருக்குப் பிள்ளை நிற்கவில்லை என்ற கதையெல்லாம் அவரிடம் மூட்டை மூட்டையாக இருக்கும். அவர் போன பிறகு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் அழுவேன். வேலை முடிந்து வருகிற மனிதர் என் வீங்கிய கண்ணைத்தான் தினமும் பார்த்தார்.

ஒருநாள் சாயங்காலம் சைக்கிளுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி எதையோ கட்டிக்கொண்டு வந்தார். பிரித்தால், கனமான கண்ணாடித் தொட்டி! ரயில் பெட்டிகளில் விளக்கெரிக்கிற பாட்டரி உட்கார்ந்திருந்த தொட்டி. விளிம்பில் கொஞ்சம் உடைந்துபோனதால் தூக்கிப் போட்டிருந்தார்களாம். மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"என்னங்க இது? ஊறுகா போடவா?" என்றேன்.

"இல்ல புள்ள. மீனும் செடியும் வைக்கலாம். நீ படுத்துகிட்டே பாக்கலாம்லா."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதில் முன்பு திராவகம் இருந்ததே என்று எனக்குப் பயம். சாம்பல் போட்டுத் தேய்ப்பதும், கழுவுவதும், வெயிலில் காய வைப்பதும், மறுபடி கழுவுவதுமாக அவர் பட்ட பாட்டைப் பார்த்து அந்த வரிசையே சிரித்தது. மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அதன் மேல் தொட்டியை வைத்தார். கை நீட்டினால் எனக்கு எட்டும். இருட்டு மூலை என்பதால் கூரையில் ஏறி ஓடு ஒன்றை எடுத்துவிட்டு, எங்கிருந்தோ கண்ணாடி ஓடு ஒன்று கொண்டுவந்து பொருத்தினார். பகலில் கொஞ்ச நேரம் வெயில் நேராகத் தொட்டிக்குள் இறங்கும். அந்த ஓடு ஒழுங்காகப் படியாமல் மழைக்கு ஒழுக ஆரம்பித்ததற்கு நான் அவரை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

மீன் கிடைப்பது சுலபமாக இருந்தது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் சின்ன மீன்கள் எல்லா ஓடையிலும் உண்டு. மலாய்க்காரர்கள் அதை ஈயத்தலை மீன் என்று பொருள்படும்படி கெப்பாலா தீமா என்பார்கள். தொட்டியில் விட்டதுமே ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டன. செடிதான் எங்களை அழ வைத்தது.

முதலில் அவர் செம்மண்ணை அடியில் போட்டு, ஓடையில் பிடுங்கிய செடிகளை ஊன்றித் தண்ணீர் ஊற்றினார். தொட்டி முழுக்கத் தேத்தண்ணீர் கலர். மீன் இருக்கிறதா, போய்விட்டதா என்றே தெரியவில்லை. அக்காவுக்கு உடனே யோசனை வந்துவிட்டது. "கலங்குன தண்ணிக்குத் தேத்தாங்கொட்டைலா! ஊருல கெணத்துத் தண்ணிக்கு வேற என்னா போடுவாங்க?" என்று பசாரில் இருந்த நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கிவந்து, கல்லில் உரசிக் கலக்கினார். சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் பளிங்காய்த் தெளிந்தது. ஆனால் கீழே இறங்கிய சேறெல்லாம் போய் உட்கார்ந்தது செடியின் இலைகளில். இலை மூச்சுவிட வழியில்லாமல் அத்தனையும் செத்துப்போனது. குடிக்கிற தண்ணீருக்கு உள்ள வைத்தியத்தைச் செடிக்குச் செய்துவிட்டோம் என்று அப்போது எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கண்ணுபட்டுவிட்டது என்று அக்கா மிளகாய் சுற்றிப் போட்டார்.

அடுத்த தடவை செம்மண்ணின் மேல் ஈயம் தோண்டும் லம்பத்து வெள்ளை மணலைக் கழுவிப் பரப்பினார். ஜெலாப்பாங் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடையில் ஒரு செடி கிடைத்தது. பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. சேம்பு இலையை விரல் நீளத்துக்குச் சுருக்கியது போல இருக்கும். மேல்பக்கம் பழுப்புப் பச்சை, கீழ்ப்பக்கம் வெற்றிலைச் சாறு நிறம். மணலில் ஊன்றி, தண்ணீருக்குள் அது லேசாக ஆடியபோது, கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மற்றொரு கையால் தொட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, யாரும் இல்லாத நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு மரம் உண்டு. பிள்ளை வேண்டும் பெண்கள் அதில் மஞ்சள் நூல் கட்டுவார்கள். என்னால் கோயிலுக்குப் போக முடியுமா? தாலிக்கயிறு மாற்ற வைத்திருந்த மஞ்சள் நூலில் கொஞ்சம் அறுத்து, முழங்கை நனையக் கையை விட்டு, அந்த ஓடைச்செடியின் அடியில் தளர்வாகச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். ஆத்தா, இது வேர் பிடித்தால் என் பிள்ளையும் வேர் பிடிக்கட்டும். இது நிற்க வேண்டும், அதுவும் நிற்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கட்டினேனா? அதற்குப் பிறகு என் கண் அந்தச் செடியைவிட்டு நகரவில்லை. கொஞ்ச நாளிலேயே இலையோரம் கண்ணாடி போல வெளிறத் தொடங்கியது. சாயங்காலம் பார்த்தால் ஓர் இலை கூழாகித் தொங்கும். எனக்குச் சோறு இறங்காது. ஆனால் காலையில் கண் விழித்தால் செடி நிமிர்ந்து நிற்கும்! ஆத்தா கைவிடவில்லை என்று கும்பிட்டுக்கொள்வேன். சில நாள் கழித்து மறுபடியும் வெளிறும். மறுபடியும் ஒரு காலையில் பச்சையாக நிற்கும். இப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. என் மனசும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அக்காகூட, "இது என்னா அதிசயமா இருக்கு, சாவுற செடி திரும்ப எழும்புதுலா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு காலையில் அவர் காப்பி கொண்டுவந்து கொடுத்தபோது, கைலி ஓரத்தில் ரத்தம் பார்த்தேன்.

"என்னங்க ரத்தம்?"

"சைக்கிள் செயின்ல பட்டுச்சு."

குனிந்து கோப்பையை வைத்தபோது கணுக்காலைப் பார்த்துவிட்டேன். கித்தாக் காட்டில் வளர்ந்தவளுக்கு அட்டைக்கடி தெரியாதா? நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. "பார்சல் ஆபீசுல அட்டைகூட வருதா? எந்த ஊருலேருந்து?" என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது. இந்த மனுஷன் விடியும் முன்னே எந்தக் காட்டுக்குப் போனார் என்று யோசித்தபடி தொட்டிப் பக்கம் திரும்பினேன். செடி பச்சையாக நின்றது. மஞ்சள் நூலும் அதன் அடியில் இருந்தது. ஆனால் என் மூன்று முடிச்சைக் காணவில்லை. இரண்டு சுற்று, சின்னதாக ஒரு காது, காதுக்குள் திருப்பி இழுத்த நுனி.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டிக் கட்டிய செடி என்றைக்கோ செத்துப்போயிருக்கிறது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓடையிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து ஊன்றி, என் நூலை அதில் கட்டி, என்னையும் ஆத்தாவையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார். சாயங்காலம் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டு கிடந்தேன்.

ஆனால் பகல் நீளமாயிற்றே. படுத்துக் கிடக்கிறவளுக்கு யோசிக்கத்தானே நேரம் இருக்கிறது. செடி ஒவ்வொரு தடவை பிழைத்தபோதும் அவர் ஜெலாப்பாங் வரை சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறார். அட்டை கடிக்க ஓடையில் இறங்கித் தேடியிருக்கிறார். என் தூக்கம் கலையாமல், அந்தப் பெரிய கையை இந்தச் சின்னத் தொட்டிக்குள் விட்டு நூலை அவிழ்த்துக் கட்டியிருக்கிறார். எதற்காக நூல் என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொண்டார். நான் கண் விழிக்கும்போது செடி உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். இப்படி ஒரு மனுஷனுக்கு ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொடுக்க இந்த உடம்புக்கு வக்கில்லையே என்று அழுதேன்.

சாயங்காலம் அவர் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. காலுக்குச் சுண்ணாம்பு வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. கேட்டுவிட்டால் மாற்றுவதை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் செடி செத்துவிடும். செடி செத்தால் என் பிள்ளை? பொய் என்று தெரிந்தும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

வருஷக் கடைசியில் மழை பிடித்தது. ஒருநாள் பார்சல் வண்டியோடு அவரை வடக்கே பாகான் செராய்க்கு அனுப்பினார்கள். "சாயங்காலம் வாரேன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வரவில்லை. மழை விடவே இல்லை. கிந்தா ஆறு கரை மீறிவிட்டது, தண்டவாளம் பல இடத்தில் தண்ணீருக்கடியில் போய்விட்டது, வடக்கேயிருந்து வண்டியும் இல்லை, தந்தியும் இல்லை என்று அக்காவின் வீட்டுக்காரர் வந்து சொன்னார். எங்கள் வரிசை கொஞ்சம் மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். கண்ணாடி ஓட்டின் ஓரமாக மழை சொட்டி, சரியாகத் தொட்டிக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் எந்தத் தண்ணீரில் கிடக்கிறாரோ என்று நடுங்கிக்கொண்டு கிடந்தேன்.

செடிக்கு அதெல்லாம் தெரியுமா? அது வழக்கம்போல வெளிற ஆரம்பித்தது. இந்தத் தடவை மாற்ற ஆள் இல்லை. ஒவ்வொரு இலையாகக் கரைந்து, கடைசியில் மணலுக்கு மேல் ஒரு கட்டை விரல் நக அளவு முண்டு மட்டும் மிச்சம். அதைச் சுற்றி என் மஞ்சள் நூல், அவர் முடிச்சு.

அந்த முண்டைப் பார்த்துக்கொண்டே கிடந்த ஒரு காலையில் எனக்கு இடுப்பு வலித்தது. பழைய வலி. இரண்டு தடவை பட்டவளுக்கு அது எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியும். "அக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வழியெல்லாம் தண்ணீர். டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, அக்கா வெளியே கிடந்த செங்கற்களை எடுத்துவந்து கட்டிலின் கால்மாட்டில் கொடுத்து உயர்த்தினார். கால் மேலேயும் தலை கீழேயுமாக ஆகிப்போனேன்.

"அசையாத தங்கச்சி. ஒண்ணும் ஆவாது. ஆத்தா இருக்காலா" என்று தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கண் தொட்டியில் விழுந்தது. "கருமம், இது வேற. கூழா நாறிப்போயி! கெட்ட சகுனம்டி. நான் கொண்டுபோயி லோங்காங்ல கொட்டிடுறேன்" என்று, பின்னால் ஓடும் சாக்கடைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, முண்டைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டார்.

நானும் அதைப் பார்த்தேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்றுதான் பார்த்தேன். தலை தாழ்ந்து கிடந்ததால் என் கண் அப்போது தொட்டியின் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. இத்தனை நாளும் நான் மேலேயிருந்து இலையைத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியோரம், வெள்ளை மணலைத் தாண்டிச் செம்மண்ணுக்குள், பால் நிறத்தில் வேர் இறங்கியிருந்தது. ஒன்றல்ல, ஒரு கொத்து. நுனியெல்லாம் புத்தம் புதுசு.

"கையை எடு! அக்கா, கையை எடுலா!" என்று கத்தினேன். என்னைவிட வயதில் மூத்தவரை அதற்கு முன் நான் ஒருமையில் பேசியதே இல்லை. அக்கா பயந்துபோய்க் கையை எடுத்தார். "வேரு இருக்கு. கீழ குனிஞ்சு பாருங்க. அது சாவலை அக்கா, அது சாவலை."

அக்கா தரையில் முட்டி போட்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். எத்தனையோ பெண்களுக்குப் பிள்ளை நிற்காத கதையைச் சொன்ன அந்த மனுஷிக்கும், பிறந்த உடனே போய்விட்ட பிள்ளை ஒன்று இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். பாவி நான், அவர் சொன்ன கதைகளில் அவர் கதையும் இருந்ததைக் கவனிக்கவே இல்லை. அன்று முழுக்க அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு, நான் அந்த வேரைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். பொழுது சாயச் சாய வலி தணிந்தது. மறுநாள் வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. என்ன உதை என்கிறீர்கள்!

அப்போதுதான் எங்கள் மூளைக்கு எட்டியது. ஓடும் தண்ணீரில் வளர்ந்த செடி, புது இடத்துக்கு வந்ததும் பழைய இலைகளைக் கரைத்துவிட்டு, கீழே வேரை ஊன்றிப் பார்க்கிறது. அதற்குள் அது செத்துவிட்டது என்று அவர் பிடுங்கி, புதிதாக ஒன்றை நட்டிருக்கிறார். அதுவும் கரையத் தொடங்கும், அதையும் பிடுங்கியிருக்கிறார். அன்பு மிகுந்துபோய், ஒரு செடியைக்கூடப் பிழைக்க விடவில்லை.

தண்ணீர் வடிந்ததும், பாதி வழி தண்டவாளத்தின் மேலே நடந்தும், பாதி வழி ரயில்வேக்காரர்கள் தள்ளும் டிராலியிலுமாக அவர் ஒருநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். வாசலில் நிழல் தெரிந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தாடியும் சேறுமாக, அடையாளமே தெரியவில்லை. உள்ளே வராமல் கதவோரமே நின்று எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கையில என்னங்க?"

"ஒண்ணுமில்லலா."

"ஒண்ணுமில்லாததையா ஒளிக்கிறீங்க? எடுத்துட்டு வாங்க."

பால் டின் ஒன்று. வாயில் துணி சுற்றி, பார்சல் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே தண்ணீரும், அதே மாதிரி ஓடைச்செடியும். ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது, இந்நேரம் அங்கே செடி கரைந்திருக்கும், அவள் பார்த்துவிடுவாளே என்று, வழியில் எந்த ஓடையிலோ இறங்கித் தேடிப் பிடுங்கி, அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.  

"தொட்டியைப் பாருங்க" என்றேன்.

முண்டின் நடுவிலிருந்து ஓர் இலை வந்திருந்தது. சுருட்டி வைத்த வெற்றிலை போல, இன்னும் விரியாமல் இருந்தது. பக்கத்தில் மணலைத் துளைத்துக்கொண்டு இன்னொரு முளை. மஞ்சள் நூல் அப்படியே இருந்தது. அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முடிச்சு உங்களதுதான்" என்றேன்.

அவருக்கு முகம் வெளிறிப்போனது. "ஒனக்குத் தெரியுமா?"

"மூணு முடிச்சுப் போட்டவளுக்கு, பார்சல் முடிச்சு தெரியாதா? பினாங்குலேருந்து சிங்கப்பூர் வரைக்கும் தெரியுமே அந்த முடிச்சு!"

சேற்றோடு சேறாகத் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நீ அழக் கூடாதுன்னுதான் புள்ள" என்றார்.  நான் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். தலையெல்லாம் மணல்.

பால் டின்னில் வந்த செடியையும் பக்கத்திலேயே ஊன்றினோம். அதுவும் வழக்கம்போல வெளிறிக் கரைந்தது. இந்தத் தடவை யாரும் சைக்கிளை எடுக்கவில்லை. அவர் வேலையிலிருந்து வந்ததும் தரையில் குப்புறப் படுத்து, கண்ணாடிக்கடியில் வேரைப் பார்ப்பார். "இருக்கா?" என்பேன். "இருக்கு" என்பார். வெயில் சூட்டில் குறைந்த தண்ணீருக்கு மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றுவோம். பிறகு அந்தத் தொட்டியில் செடி மண்டியதைப் பார்த்து, வரிசை வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கொத்துக் கேட்டு வாங்கிப் போனார்கள். எல்லோரிடமும் அக்காதான் மிரட்டுவார்: "எலை போனா பிடுங்கக் கூடாது, தெரிஞ்சிக்க. வேரைப் பாருலா!"

பிள்ளை பிறந்தாள். பெண். பஞ்சுபோல அல்ல, முழு உருண்டையாக, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பிறந்தாள். என் குரல் அப்படியே வந்திருக்கிறது என்று அக்கா சொன்னார். முப்பதாம் நாள் குளிப்பாட்டி, இடுப்பில் அரைஞாண் கயிறு கட்ட வேண்டும். தகப்பனையே கட்டச் சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கவே பயந்த மனிதர், கயிறு கைக்கு வந்ததும் நிதானமாகிவிட்டார். இரண்டு சுற்று. சின்னதாக ஒரு காது. அக்கா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ தம்பி, புள்ளைய எங்கலா பார்சல் பண்ணப் போறீங்க?" வீடே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நுனியை இழுத்து இறுக்கிவிட்டு, "எங்கேயும் போகாது" என்றார்.

அந்தப் பெண்ணுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. ஈப்போவுக்குப் பக்கத்தில் குனோங் ராபாட்டில் அவளுக்கு வீடு. போன மாதம் கடையில் புதிதாக மீன்தொட்டி வாங்கி வைத்துவிட்டு, செடியெல்லாம் கரைகிறது, ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனிடம் சண்டைக்குக் கிளம்பினாள். குணம் எங்கே போகும்? "சண்டை அப்புறம் போடலாம், மொதல்ல தரையில படுத்துக் கீழ பாரு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே படுத்தாள்.  பிறகு, "அம்மா, வேரு இருக்கும்மா" என்றாள். அன்றைக்குத் தரையிலிருந்து அவள் அப்பா சொன்னது போலவே கேட்டது.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. இப்போதும் எங்கிருந்தாவது சணல் கயிறு கட்டிய பார்சல் வந்தால் என் வீட்டில் யாரும் கத்தரிக்கோலைத் தேடக் கூடாது. அவரிடம் அந்தக் கட்டைப் பழகிக்கொண்ட ஆட்கள் இன்னும் எங்காவது இருப்பார்கள் என்று, முடிச்சில் அந்தச் சின்னக் காது தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். தெரிந்துவிட்டால், இந்த வயதிலும் என் இன்னொரு கை தானாகவே வயிற்றுக்குப் போய்விடுகிறது.